முத்துலட்சுமி கதையில் நாம் தாண்டும் பக்கம்

முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் புதுக்கோட்டையில் பிறந்தார், 1912இல் டாக்டரானார் என்று ஓட்டிவிடுகிறார்கள். நடுவில் ஒரு பக்கம் விட்டுப்போகிறது. பூப்பெய்தியதும் அவருடைய பள்ளிப்படிப்பு நின்றது. அப்பா நாராயணசாமி வீட்டிலேயே படிக்கவைத்தார். கல்லூரியில் சேரும்போது பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு வந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் தலையிட வேண்டியிருந்தது.

எங்க பக்கம் இன்னைக்கும் பொண்ணு வயசுக்கு வந்தா மாமன் சீர், பிளெக்ஸ் எல்லாம் உண்டு. ஊருக்கே சொல்லியாச்சு. உடம்புக்குள் என்ன நடக்குதுன்னு அந்தப் பிள்ளையிடம் உட்கார்ந்து சொல்கிறவர்கள் குறைவு. மகள் கேட்டப்போ 'அம்மாகிட்ட கேளு'ன்னு நழுவினவன்தான் நானும்.

தாண்டுகிற இன்னொரு இடம் அவருடைய கல்யாணம். 1914இல் சுந்தர ரெட்டியை மணக்க அவர் நிபந்தனை வைத்தார்: சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக்கூடாது. சம்மதம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்க போக்சோ சட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டுமா? உள்ளூர்க் கதையே போதுமே.

போன வாரம் மகனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "அவங்கள ஏம்ப்பா பள்ளிக்கூடம் அனுப்பல?" என்றான். மாதவிலக்கிலிருந்து ஆரம்பித்தேன்.