தாராளம்: யாருடைய கை?

'அவருக்குத் தாராள மனசுப்பா.' 'அவளுக்குக் கை ரொம்பத் தாராளம், வாங்கின எண்ணெய் பதினஞ்சு நாள்கூட வரமாட்டேங்குது.' ஒரே வீட்டில், ஒரே நாளில் காதில் விழக்கூடிய இரண்டு வாக்கியங்கள். முதலாவது பாராட்டு, இரண்டாவது புகார். சொல் ஒன்றுதான், கைதான் வேறு.

அகராதி 'தாராளம்' என்பதற்குக் கொடைக்குணம், மிகுதி என்று பொருள் சொல்லி நிறுத்திக்கொள்ளும். பேச்சுவழக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. 'தாராளமா எடுத்துக்கோ', 'தாராளமா உள்ள வா' – இப்படிச் சொல்கிறவர் எப்போதும் கதவுக்கு உட்பக்கம் நிற்கிறவர். மறுக்க முடிந்தவர்தான் தாராளமாக அனுமதிக்கவும் முடியும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மறைத்துவிட்டு மனசைப் பற்றிப் பேசுகிற சொல் இது. அடுப்படியில் தினமும் அள்ளிப் போடுகிறவளிடம் சாவி கிடையாது. ஆகவே அவள் கொடுப்பது கொடைக் கணக்கில் ஏறாமல் செலவுக் கணக்கில் ஏறுகிறது.

இது சமையலறைச் சில்லறை விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியுமா? நமது வள்ளல் மரபின் நடுவீட்டிலேயே இது உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நாம் அறிந்த பேகன் மயிலுக்குப் போர்வை தந்தவன். புறநானூறு 143 முதல் 147 வரையிலான ஐந்து பாட்டுகளில் வரும் பேகன், மனைவியைத் துறந்தவன். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என நான்கு புலவர்கள் அவனிடம் அவளுக்காகப் பேசுகிறார்கள். 145இல் பரணர் அந்த மயிலைச் சொல்லியே பேச்சை ஆரம்பிக்கிறார். பசித்து வரவில்லை, அவள் துயரத்தைத் தீர்ப்பதுதான் நாங்கள் கேட்கும் பரிசில் என்கிறார். அரிசில்கிழாரோ உன் அணிகலனும் செல்வமும் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறார்.

புலவர்களின் துணிச்சலை மெச்சுவதோடு நம் வாசிப்பு நின்றுவிடக் கூடாது. அவளுக்கு உரிமையாக வரவேண்டியதைப் 'பரிசில்' என்ற மொழியில்தான் அவர்களாலும் கேட்க முடிகிறது. வள்ளல் முன்னால் வேறு இலக்கணம் இல்லை. நியாயத்தைக்கூட யாசித்துத்தான் வாங்க வேண்டும். அவள் பெயர் பாட்டுகளுக்குள் வரவில்லை. கண்ணகி என்பதை அடிக்குறிப்பு சொல்லித்தான் அறிகிறோம். 144இல் ஒருமுறை வாய் திறக்கிறாள். பேகனுக்கு நீ உறவா என்று கேட்டதற்கு, இல்லை என்று சொல்வதற்காக.

இந்த இலக்கணம் சங்கத்தோடு முடிந்துபோன சமாச்சாரமும் இல்லை. 1991இல் தொழில் உரிமக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டபோது 'தாராளமயமாக்கல்' என்ற சொல் நம் நாளிதழ்களில் குடியேறியது. அதனால் ஆதாயம் அடைந்த முதலாளிகளை யாரும் 'ஓசியில வாங்கினவங்க' என்று சொல்லவில்லை. 2023 செப்டம்பரில் தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது அதற்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தது. நல்ல பெயர்தான். ஆனால் டீக்கடையில் அது 'ஓசிக் காசு' ஆகிவிட்டது. மேடையிலோ கொடுத்தவருக்கு நன்றி சொல்லச் சொல்கிறார்கள். உரிமைக்கு எதற்கு நன்றி?

ஊரெங்கும் தட்டிகளில் இன்னும் வள்ளல்கள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கொடை மரபைப் பற்றிக் கட்டுரை எழுதுகிற நாமும் முல்லையிலும் மயிலிலும் ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறோம். அடுத்த முறை 144இலிருந்து ஆரம்பிக்கலாம். உறவில்லை என்று சொன்ன அவள் அழுதுகொண்டேதான் அதைச் சொன்னாள்.