அட்டவணையில் ‘இந்தியர்’

மலேசியாவில் குடல்நோய் பற்றி வெளிவரும் மருத்துவக் கட்டுரைகளில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற பிரிவு தவறாமல் வந்துவிடுகிறது. பழங்குடியினரான ஓராங் அஸ்லி மக்களுக்கு அதில் இடம் கிடைப்பது அபூர்வம். இந்த வழக்கத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. நம்மவர் உடலைப் பற்றி வேறு எங்கும் கிடைக்காத செய்திகளை அது தந்திருக்கிறது.

மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோ கீன் லீயின் ஆய்வுகளே சான்று. வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி சீனரிடமும் இந்தியரிடமும் மிகுதி, மலாய்க்காரரிடம் குறைவு என்று அவர் காட்டினார். பராசக்தி நவரத்தினத்துடன் 2001இல் எழுதிய கட்டுரை, இக்கிருமி அந்தந்த இனத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சுற்றுகிறது என்று வாதிட்டது. பெரும்பாலும் குடும்பத்துக்குள் தொற்றும் கிருமி அது; கலப்புமணம் குறைந்த நாட்டில் அப்படித்தான் நடக்கும். இத்தனை தொற்று இருந்தும் இந்தியரிடம் இரைப்பைப் புற்றுநோய் சீனரைவிடக் குறைவு. இப்படியொரு புதிர் இருப்பதே அந்தப் பிரிவினால்தான் தெரியவந்தது.

பேராவின் கிந்தா பள்ளத்தாக்கில் 2011 முதல் 2013 வரை நடந்த ஆய்வு இன்னும் கவலை தருகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்கும் அழற்சி நோய்கள், ஆண்டுக்கு ஒரு லட்சம் இந்தியரில் 1.91 பேருக்குப் புதிதாக வந்தன. சீனரில் அது 0.63, மலாய்க்காரரில் 0.35. நோய் அரிதானதுதான். ஆனாலும் வயிற்றுப்போக்கும் இரத்தப்போக்குமாக வரும் தமிழரை மூலநோய் என்று சொல்லி அனுப்பிவிடாதிருக்க, மருத்துவருக்கு இந்த எண்கள் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வழக்கத்தின் எல்லை எங்கே என்பதை ஜொகூரின் சிகாமட்டில் பார்க்கலாம். மோனாஷ் பல்கலைக்கழகம் 2011இல் அங்கே தொடங்கிய சமூக ஆய்வகம் பெக்கோக், சாஆ உள்ளிட்ட ஐந்து முக்கிம்களில் (துணை மாவட்டங்களில்) வீடு வீடாக மக்களைத் தொடர்கிறது. அந்தச் சமூகத்தில் 214 பேரின் மலத்திலிருந்து குடல் நுண்ணுயிர்களை ஆராய்ந்த கட்டுரை 2021இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வந்தது. மலாய்க்காரர் 46, சீனர் 65, இந்தியர் 49, ஓராங் அஸ்லியில் ஒரு பிரிவினரான ஜாகுன் மக்கள் 54. ஓராங் அஸ்லியைச் சேர்த்துக்கொண்டதற்காகவே இதைப் பாராட்ட வேண்டும்.

ஆய்ந்த காரணிகளில் இனமே பெரியது என்பது அதன் முடிவு. ஆனால் ஆளுக்கு ஆள் காணப்பட்ட வேறுபாட்டில் இனத்தின் பங்கு ஏறத்தாழ 6 சதவீதம்தான். உணவு முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகு 2 சதவீதம் மிஞ்சியது. அளந்ததும் அளக்காமல் விட்டதுமான வாழ்க்கைமுறை வேறுபாடுகளுக்கு இனம் ஒரு நம்பகமான பதிலி என்று ஆசிரியர்களே எழுதுகிறார்கள். நேர்மையான வாசகம் அது. எனக்கு உறுத்தலாக இருப்பதும் அதுவே. பதிலி கிடைத்ததும் அசலைத் தேடும் வேகம் குறைந்துவிடுகிறது. செம்பனைத் தோட்டத்தில் பிறந்து அங்கேயே இருப்பவர், நகரத்துக்குக் குடிபெயர்ந்தவர், அடிக்கடி ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர், தமிழர், தெலுங்கர், பஞ்சாபியர் எல்லாருமே அட்டவணையில் ‘இந்தியர்’ ஆகிவிடுவார்கள். 49 பேரை இன்னும் சிறு குழுக்களாகப் பிரித்தால் எண்ணிக்கை எதற்கும் போதாது.

இன்னொரு குறையும் உண்டு. இவ்வாய்வின் மரபணு முறை, குடலில் எந்தெந்த நுண்ணுயிர்க் குடும்பங்கள் இருக்கின்றன என்று சொல்லும். அவை அங்கே என்ன செய்கின்றன, எதிர்ப்பாற்றலை எப்படித் தூண்டுகின்றன என்று சொல்லாது. ஆகவே சிகாமட்டின் நுண்ணுயிர்களையும் கிந்தாவின் அழற்சி நோயையும் ஒரு கோட்டில் இணைத்து, ‘இந்தியக் குடலே இப்படித்தான்’ என்று பேச இப்போது யாருக்கும் ஆதாரம் இல்லை.

அந்த ஆதாரத்தைத் திரட்டும் வசதி சிகாமட்டுக்கு உண்டு. ஒரே வீட்டுக்கு ஆண்டுகள் கழித்தும் திரும்பிச் செல்லும் ஆய்வகம் அது. அதே மனிதர்களிடம் மீண்டும் மாதிரி எடுக்கலாம்; இரத்தத்தில் அழற்சியின் அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்கலாம். வீடு மாறியது, வேலை மாறியது, சாப்பாடு மாறியது என்பதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டால், அந்த 2 சதவீதத்துக்குள் என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்கலாம்.