கதையில் வரும் டாக்டர்

நம் கதைகளில் வருகிற டாக்டர்களில் ஒருவருக்காவது, தம் வேலை போய்விடுமோ என்கிற பயம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. காதல் தோல்வி உண்டு; ஆராய்ச்சி உண்டு; தியாகம் தாராளமாகவே உண்டு. 1961-ல் வந்த 'பாலும் பழமும்' படத்து டாக்டர் புற்றுநோய்க்கு மருந்து தேடுகிறார். 1962-ல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' பெரும்பாலும் ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிறது. தான் விரும்பிய பெண்ணின் கணவனை டாக்டர் காப்பாற்றித் தருகிறார். இரண்டையும் நான் கண் கலங்காமல் பார்த்ததில்லை. ஆனால் அந்த டாக்டர்கள் அடுத்த வருஷமும் அதே ஊரில் இருப்பார்களா என்று படம் எடுத்தவர்களும் சொல்லவில்லை, பார்த்த நாமும் கேட்கவில்லை. பத்திரிகைக் கதைகளிலும் இதே நிலைமைதான். டாக்டர் என்றால் அவருக்கு ஒரு கார், ஒரு ஸ்டெதாஸ்கோப், நிரந்தரமான ஒரு நாற்காலி.

வெளியே உலகம் வேறு மாதிரி இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரிகளில் ராத்திரி முழுவதும் விழித்திருக்கிற 'ட்யூட்டி டாக்டர்' பல இடங்களில் மேற்படிப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் இளைஞர். இந்த மாதம் இங்கே, அடுத்த மாதம் வேறெங்கோ. சர்க்காரிலும் தற்காலிக நியமனம் புதிதல்ல. தேர்வாணையத்தின் வழியாக வராமல் அவசரத்துக்கு எடுக்கப்பட்டவர்களை, அதற்கான விதியின் எண்ணைக் கொண்டு 'டென் ஏ ஒன்' டாக்டர்கள் என்றே சொல்வார்கள். 2012-ல் தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஏற்பட்டது. அதற்குப் பிறகும் தொகுப்பூதியம், ஒப்பந்தம் என்ற சொற்கள் மறையவில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது ஆயிரக்கணக்கான நர்சுகளை ஆறு மாதத்துக்கென்று, மாதம் 14,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். ஆறு மாதம் நீண்டுகொண்டே போயிற்று. 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அவர்களில் 2,400-க்கு மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் முடிந்தது. ஜனவரியில் போராட்டம் நடந்தது. மாற்று வேலை தருவதாக அரசாங்கம் சொல்லிற்று.

பேப்பரில் இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அது வெறும் எண்ணிக்கையாகப் படவில்லை. அவர்களில் ஒருத்தியை நான் சிவகிரியில் பார்த்திருந்தேன்.

சிவகிரி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் இருக்கிற பழைய ஜமீன் ஊர். திருநெல்வேலி ஜில்லா, சங்கரன்கோவில் தாலுகா என்று சொல்லியே பழகிய எங்களுக்கு, 2019 முதல் அது தென்காசி மாவட்டம் என்பது இன்னும் நாக்கில் வரவில்லை. அங்கே என் அத்தை வீட்டு மாடி அறையில் அந்தப் பெண் குடியிருந்தாள். பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த வேலை. சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். வந்த நாளில் கொண்டுவந்த சூட்கேஸைக் கடைசி வரையில் அவள் முழுதாகப் பிரித்து அடுக்கவே இல்லை என்று அத்தை சொன்னாள். உத்தரவு எப்போது வரும் என்று தெரியாதவர்கள் அப்படித்தான் குடியிருப்பார்கள் போலும்.

அவளிடம் கட்டுப் போட்டுக்கொள்ள ஓர் ஆச்சி வருவாள். காலில் சர்க்கரைப் புண். கட்டு முடிந்து எழுந்திருக்கும்போது ஒவ்வொரு தடவையும், "அடுத்த மட்டமும் நீங்கதானம்மா இருப்பீக?" என்று கேட்பாளாம். "இருப்பேன் ஆச்சி" என்று இவள் சொல்லுவாளாம். தனக்கே நிச்சயமில்லாத ஒன்றை வாரத்துக்கு இரண்டு முறை வாக்குக் கொடுப்பது போலச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று என்னிடம் ஒருநாள் வருத்தப்பட்டாள்.

நான் கதை எழுதுகிறவன், சும்மா விடுவேனா? வருஷக் கடைசியில் அவள் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறுவது, மடியில் சூட்கேஸ், மலைமேல் மேகம், ஜன்னலுக்கு வெளியே சிறுத்துக்கொண்டே போகிற ஊர் என்று எழுதி முடித்தேன். நன்றாக வந்திருப்பதாகவே நினைத்தேன். அச்சானதும் அத்தைக்கு அனுப்பினேன். அத்தை ஐம்பது வருஷமாகத் தொடர்கதை படிக்கிறவள். போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஏய்யா, பஸ் போயிட்டு, சரி. அந்த ஆச்சிக்கு மறுநா யாரு கட்டுப் போட்டா?"

என்னிடம் பதில் இல்லை. கதையிலும் இல்லை. என் எழுத்தைப் பற்றி வந்த விமரிசனங்களில் இவ்வளவு சரியானது வேறொன்றை நான் படித்ததில்லை. உத்தரவு எந்தத் தேதியில் முடிந்ததோ, அந்தத் தேதியிலேயே நானும் கதையை முடித்துவிட்டேன். புண் அன்றைக்கு ஆறிவிடவில்லை என்பது எனக்கும் ஞாபகம் வரவில்லை.

இந்தக் குறை எனக்கு மட்டும் உரியதல்ல என்று காட்டி ஆறுதல் அடைவதற்காகவே, ஏ. ஜே. க்ரோனின் 1937-ல் எழுதிய 'தி சிட்டாடல்' நாவலை மறுபடியும் எடுத்தேன். நம் தகப்பனார்கள் காலத்து லைப்ரரிகளில் தவறாமல் இருந்த புத்தகம் அது. மான்ஸன் என்ற புது டாக்டர் வேல்ஸில் ஒரு சுரங்க ஊருக்கு உதவி டாக்டராகப் போகிறான். பெரிய டாக்டர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. பெயர் அவருக்கு, உழைப்பு இவனுக்கு, பணத்தில் பெரும்பங்கு அவர் வீட்டு அம்மாளுக்கு. விஷஜுரத்தைப் பரப்புகிற சாக்கடையை அதிகாரிகள் கவனிக்காமல் இருக்கவே, இவனும் இன்னொரு டாக்டரும் ராத்திரியில் அதை வெடிவைத்துத் தகர்க்கிறார்கள். க்ரோனின் தாமே டாக்டராக இருந்தவர். ஒவ்வொரு பக்கத்திலும் அனுபவம் தெரிகிறது. கூலிக்கு அமர்த்தப்பட்ட டாக்டரின் அவமானத்தை இவ்வளவு நன்றாகச் சொன்ன நாவல் குறைவு. ஆனாலும் மான்ஸன் அந்த ஊரைவிட்டுக் கிளம்பியதும் நாவலும் அவனோடு கிளம்பிவிடுகிறது. ஊர்க்காரர்கள் அவன் முன்னேற்றத்துக்கு ஒரு படியாக நின்றுவிடுகிறார்கள்.

செக்காவ் விஷயம் வேறு. 1884-ல் டாக்டர் பட்டம் பெற்ற கோடையிலேயே, ஸ்வெனிகரோத் என்ற சிறு ஊர் ஆஸ்பத்திரியில், லீவில் போன டாக்டருக்குப் பதிலாக இரண்டு வாரம் வேலை பார்த்தார். அதே வருஷத்தில் 'அறுவைச் சிகிச்சை' என்ற கதை வந்தது. டாக்டர் கல்யாணம் செய்துகொள்ளப் போய்விட்டார். அவர் இடத்தில் உட்கார்ந்த உதவியாளன் ஒரு தேவாலய ஊழியரின் பல்லை இழுத்து உடைத்துவிடுகிறான். சிரிப்புக் கதைதான். ஆனால் டாக்டர் போன பிறகு என்ன நடக்கிறது என்பதில் ஆரம்பிக்கிறது, பாருங்கள். 1887-ல் எழுதிய 'ஓடிப்போனவன்' கதையில், முழங்கை கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்த பாஷ்கா என்ற ஏழு வயதுப் பையன்தான் எல்லாவற்றையும் பார்க்கிறான். நரி காட்டுவதாக டாக்டர் ஆசை காட்டியிருக்கிறார். ராத்திரி பக்கத்து அறையில் ஒருவர் செத்துப்போகிறார். பையன் பயந்து இருட்டில் ஓடுகிறான். விளக்கெரியும் ஜன்னலில் அந்த டாக்டரைக் கண்டதும் அவரை நோக்கியே ஓடிப் படியில் விழுகிறான். டாக்டரின் சம்பளமோ பதவியோ அந்தக் கதையில் வருவதில்லை. நம்பி வந்தவனுக்கு அந்த ஜன்னல் வெளிச்சம் என்னவாக இருந்தது என்பது மட்டும் வருகிறது.

அப்படியானால் நிரந்தர உத்தியோகம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்கலாம். அதற்கும் செக்காவ் பதில் வைத்திருக்கிறார். 1892-ல் காலரா பயம் வந்தபோது, 25 கிராமங்களும் 4 தொழிற்சாலைகளும் ஒரு மடாலயமும் அடங்கிய பகுதியைச் சம்பளமில்லாமல் தற்காலிகமாக ஏற்று அலைந்தார். அந்த வருஷக் கடைசியில்தான் 'ஆறாம் நம்பர் வார்டு' வெளியாயிற்று. அதில் வரும் டாக்டர் ராகின் நிரந்தரமானவர். வருஷக்கணக்காக அதே ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஆனால் மனசால் என்றைக்கோ ராஜினாமாச் செய்துவிட்டவர். கடைசியில் அதே வார்டில் அவரையே அடைத்துவிடுகிறார்கள். நாற்காலி நிரந்தரமாக இருந்தும் நோயாளிக்கு டாக்டர் இல்லை. இதைச் சொல்வதால் ஒப்பந்தக்காரர்களின் கோரிக்கை பலவீனப்படுவதாக நான் நினைக்கவில்லை. அவர்கள் கேட்கிற நிரந்தரத்தில் ஆச்சிக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

இனி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெண் போவதற்கு முந்தின இரண்டு ராத்திரியும் மாடியில் விளக்கு எரிந்தது. ஒரு நாற்பது பக்க நோட்டில், தனக்குப் பிறகு வரப்போகிறவருக்காக, யார் என்று தெரியாத ஒருவருக்காக, எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கும் காட்டினாள். ஆச்சியைப் பற்றி அரைப்பக்கம் இருந்தது. எந்தக் கால், புண் எவ்வளவு ஆழம், எந்த மருந்து ஒத்துக்கொண்டது. அதற்குக் கீழே: வலித்தால் வாயால் சொல்லமாட்டார், கையைப் பார்க்கவும். வெள்ளிக்கிழமை மகன் வீட்டுக்குப் போய்விடுவார், வியாழனே கட்டுப் போடவும்.

அந்த நோட்டைக் கண்ணால் பார்த்தும் நான் கதையில் சேர்க்கவில்லை. பஸ்ஸும் மேகமும்தான் இலக்கியம், இது ஆபீஸ் காரியம் என்று தள்ளிவிட்டேன்.

இப்போது அந்தக் கதையைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். பஸ் போய்விட்டது. ஜனவரி 2-ஆம் தேதி, திங்கட்கிழமை. ஊருக்குப் புதிதாக வந்த ஒருத்தி அந்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெளியே பெஞ்சியில் ஆச்சி. அத்தையிடம்தான் முதலில் காட்டப் போகிறேன்.