ஜெய்சால்மரின் குளிர்காலம்

தார் பாலைவனத்தைக் குழந்தைகளோடு சுற்றிப்பார்க்க ஏற்ற காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அந்தப் பாலைவன நகரான ஜெய்சால்மரில் 1156இல் எழுந்த மஞ்சள் மணற்கல் கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். அதன் சந்துகளில் நடந்தாலே அரை நாள் ஓடிவிடும். கடிசர் ஏரியில் படகும் உண்டு. ஆனால் பிள்ளைகள் துள்ளுவது, நகருக்கு மேற்கே சுமார் 40 கி.மீ. தள்ளியிருக்கும் சம் மணல்மேடுகளில்தான். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களை முதலில் நிமிர்த்தும். சேணத்தில் இருப்பவர் குப்புறச் சரிந்து, அடுத்த நொடியே பின்னால் சாய்வார். சவாரியைவிட அந்தக் குலுக்கலுக்கே சிரிப்பு அதிகம். மணற்சரிவில் உருளக் காசு வேண்டாம். இருட்டியதும் மாங்கணியார் எனும் நாட்டுப்புற இசைக் கலைஞர்கள் கமாய்ச்சா எனும் நரம்புக் கருவியை வில்லால் இழைக்க, கர்த்தால் கட்டைகள் விரலிடுக்கில் படபடக்கும். பகல் வெயிலை நம்பிக் கம்பளியை விடுதியில் விட்டுவரக் கூடாது. இரவில் வெப்பம் 10 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்கக்கூடும்.