பரண் மேல் ஒரு ஷட்டில் பேட்

எங்கள் அபார்ட்மென்ட் இரண்டாவது மாடிப் பையன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு ஷட்டில் பேட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு தடதடவென்று படியிறங்குவான். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கிற பொறுமை கிடையாது. ஒரு மாதமாக அந்தச் சத்தத்தைக் காணோம். காய்ச்சலோ என்று நினைத்தேன். போன வாரம் லிஃப்ட்டுக்குள் (ஆமாம், லிஃப்ட்டில்!) பார்த்தபோது கேட்டேன்.

'பேட் பரண் மேல இருக்கு அங்கிள். மேத்ஸ்ல தொண்ணூறு வாங்கினாத்தான் இறக்கித் தருவேன்னுட்டார் அப்பா.'

'போன தடவை எவ்வளவு?'

'அறுபத்தி மூணு.'

அவனுடைய அப்பா நல்ல மனிதர். பாங்க் உத்தியோகம். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. வாசலில் பார்த்து, 'ஏன் சார் இப்படி?' என்றேன்.

'நீங்கதானே சார் அந்தப் படத்தைப் பத்தி சொன்னீங்க? ஜிம்மைப் பூட்டுவானே ஒரு கோச். பார்த்தேன். அருமையான ஐடியா!'

பழி என் தலையில். சினிமா சிபாரிசு செய்வதில் இப்படியும் ஓர் ஆபத்து இருப்பது தெரியாமல் போயிற்று. பரிகாரமாக ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன்.

'கோச் கார்ட்டர்' 2005-ல் வந்தது. சாமுவேல் எல். ஜாக்ஸன் நடித்தது. டைரக்டர் பெயரும் கார்ட்டர்தான், தாமஸ் கார்ட்டர், உறவெல்லாம் இல்லை. கதை நிஜமாக நடந்தது. கலிஃபோர்னியாவில் ரிச்மண்ட் என்ற ஊர். ஏழ்மையும் துப்பாக்கிச் சத்தமும் அதிகம். அங்கே ஸ்போர்ட்ஸ் சாமான் கடை வைத்திருந்த கென் கார்ட்டர், தான் படித்த ரிச்மண்ட் ஹைஸ்கூலுக்கே கூடைப்பந்து கோச்சாகப் போகிறார். முதல் நாளே பையன்களிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறார். எல்லா வகுப்புக்கும் போக வேண்டும், முதல் வரிசையில் உட்கார வேண்டும், மேட்ச் நாளில் டை கட்ட வேண்டும், மார்க் சராசரி 2.3 வேண்டும். 1999 ஜனவரியில் அணி பதின்மூன்று மேட்ச் ஆடிப் பதின்மூன்றிலும் ஜெயித்திருந்த நேரம். ஒப்பந்தப்படி பலர் படிக்கவில்லை என்று தெரிந்ததும் ஜிம் கதவைப் பூட்டிவிட்டார். ஊரே கொதித்தது. பத்திரிகை, டிவி எல்லாம் வந்தன.

இதைப் பார்த்துத்தான் நம் பாங்க்காரர் ஸ்டூல் போட்டு ஏறி பேட்டைப் பரண் மேல் வைத்திருக்கிறார். ஆனால் இரண்டாம் தடவை கொஞ்சம் கவனமாகப் பார்த்தால் கார்ட்டர் செய்தது வேறு, இவர் செய்தது வேறு என்று தெரிகிறது.

முதலில் அந்த 2.3. நாலுக்கு 2.3. நம்மூர்ப் பாஷையில் 'சுமார்'. விளையாட அனுமதிக்க மாகாண விதி கேட்டது 2.0, கார்ட்டர் அதற்கு மேல் ஒரு படி வைத்தார், அவ்வளவுதான். எட்டிப்பிடிக்கக்கூடிய படி. அறுபத்து மூன்றில் நிற்கிற பையனுக்குத் தொண்ணூறு என்பது படி இல்லை, மொட்டை மாடி. ஏணியையும் எடுத்தாயிற்று.

இரண்டாவது, கார்ட்டர் பூட்டியது தன்னுடைய ஜிம்மை. ஜெயித்துக்கொண்டிருந்தது அவருடைய அணி, வரப்போகிற பெயரும் அவருடையது. அதைத்தான் பணயம் வைத்தார். பாஸான பையன்களுக்கும் பூட்டு, அணியில் இருந்த சொந்த மகனுக்கும் பூட்டு. நம் வீடுகளில் பேட்டைப் பரணில் போடுகிற அப்பா தன் பங்குக்கு எதைப் போடுகிறார்? ராத்திரி கிரிக்கெட் ஹைலைட்ஸையாவது?

மூன்றாவதுதான் முக்கியம். ஜிம் கதவை மூடினவர் லைப்ரரிக்குப் போகச் சொன்னார். சொல்லிக் கொடுக்க அங்கே டீச்சர்கள் இருந்தார்கள். நம் கேஸில் பேட் பரணுக்குப் போனது சரி, கணக்கு சொல்லித் தர யார் வந்தார்கள்? 'ட்யூஷன்ல முப்பத்தஞ்சு பேர் அங்கிள், டவுட் கேட்டா முறைக்கிறார்' என்கிறான்.

படத்தைப் பாராட்டினது போதும். இடைவேளை மாதிரி ஓர் இடத்தில் பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டுப் பையன் கேட்டான்: 'அங்கிள், கிளாஸ்ல அவங்க என்னதான் படிச்சாங்க? அதைக் காட்டவே இல்லையே?'

எனக்குத் தோன்றாத கேள்வி! இரண்டேகால் மணி நேரப் படத்தில் கூடைப்பந்து எவ்வளவு அழகாக விழுகிறது, எத்தனை கோணத்தில் விழுகிறது. வகுப்பறை மட்டும் வந்த சுவடே தெரியாமல் போய்விடுகிறது. ஒரு பையனுக்குக் கணக்கோ சரித்திரமோ சட்டென்று பிடிபட்டு முகம் மாறுகிற காட்சி ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை. படிப்பே பெரிது என்று மேடை போட்டுச் சொல்கிற படத்துக்குப் படிப்பைப் பார்க்க ஆர்வமில்லை. மார்க் ஷீட்டைத்தான் பார்க்கிறது. நம்மில் பலரும் அப்படித்தானே? பி.டி. பீரியடைக் கடன் வாங்கிப் போர்ஷன் முடிக்கிற கணக்கு வாத்தியாரை ஏறக்குறைய எல்லோரும் சந்தித்திருப்போம். நான் படித்த பள்ளியில் அந்தக் கடன் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை.

இன்னொரு குறை. க்ரூஸ் என்ற முரட்டுப் பையன் எழுந்து நின்று, மனிதனின் ஆழமான பயம் எது என்று ஒரு வசனம் பேசுவான். தியேட்டரில் கைதட்டல் வாங்குகிற இடம். மண்டேலா சொன்னது என்று பலர் நம்பும் அந்த வாசகம் உண்மையில் மரியான் வில்லியம்ஸன் 1992-ல் எழுதிய ஒரு புத்தகத்தில் இருப்பது. பதினேழு வயது ரிச்மண்ட் பையன் வாயில் ஒட்டவே இல்லை. கோச் கேட்ட கேள்விக்கு அவன் சொந்தமாகத் திக்கித் திணறி ஏதாவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இதே க்ரூஸ் வருகிற வேறொரு காட்சிக்காகத்தான் படத்தை நான் மன்னிக்கிறேன். அணியைவிட்டுக் கோபித்துக்கொண்டு போனவன் திரும்பி வருகிறான். அபராதம் 2,500 தண்டால், அதன்மேல் ஆயிரம் ஓட்டம், வெள்ளிக்கிழமைக்குள். நாய் படாத பாடுபடுகிறான், கணக்கு முடியவில்லை. கிளம்பு என்கிறார் கோச். அப்போது இன்னொருவன் முன்னால் வந்து, மிச்சத்தில் கொஞ்சம் நான் போடுகிறேன் என்கிறான். பிறகு அடுத்தவன், அதற்கு அடுத்தவன். யாரும் பரிசு தருவதாகச் சொல்லவில்லை, பேட்டை ஒளித்து வைக்கவில்லை. தனக்காக ஒருவன் குனிந்து தண்டால் எடுப்பதைப் பார்த்தவன் மறுநாள் பிராக்டிஸுக்கு வராமல் இருப்பானா? மைதானத்தில் இது அன்றாடம் நடக்கிறது. வகுப்பில் பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தால் அதன் பெயர் காப்பி. அப்புறம் இன்னொன்று: மைதானத்தில் நூறு பந்து தவறவிட்டாலும் யாரும் ரிஜிஸ்டரில் எழுதுவதில்லை. நூற்றியொன்றாவது விழுந்தால் 'ஹே!' என்கிறார்கள். வகுப்பில் முதல் தப்புக்கே சிவப்பு மை.

விளையாட்டைப் படிப்புக்குத் தூண்டில் ஆக்கினால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமானால் 'ஹூப் ட்ரீம்ஸ்' பாருங்கள். 1994-ல் ஸ்டீவ் ஜேம்ஸ் எடுத்த டாகுமென்டரி. ஏறக்குறைய மூன்று மணி நேரம், பயப்படாதீர்கள், நகரும். சிகாகோவின் ஏழைப் பேட்டைகளிலிருந்து வில்லியம் கேட்ஸ், ஆர்தர் ஏஜி என்ற இரண்டு பையன்களைக் கூடைப்பந்துக்காகவே தொலைவிலுள்ள ஒரு தனியார் பள்ளி சேர்த்துக்கொள்கிறது. ஆர்தரின் வீட்டில் ஃபீஸ் பாக்கி விழுகிறது. வருஷ நடுவில் வெளியே. வில்லியம் தங்குகிறார், ஆனால் முட்டி போய்விடுகிறது. ஸ்காலர்ஷிப்போடு கல்லூரியில் ஆட நுழைவுத் தேர்வில் பதினெட்டு வேண்டும். திரும்பத் திரும்ப எழுதிக் கடைசியில் பதினேழரை. அதைப் பதினெட்டாக்கி விடுகிறார்கள், எல்லோருக்கும் நிம்மதி. அந்தப் பதினேழரையில் அவர் என்ன கற்றார் என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. படிப்பு அங்கே டோல்கேட். சில்லறையைக் கொடுத்தோமா, வண்டியைக் கிளப்பினோமா என்று போய்க்கொண்டே இருக்கிறார்கள். படம் முடிவதற்குள் வில்லியமுக்கு அந்தப் பழைய கூடைப்பந்துக் கனவும் தேய்ந்து போய்விடுகிறது.

1973-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நர்ஸரி பள்ளியில் மார்க் லெப்பரும் சகாக்களும் செய்த சோதனையை இங்கே சொல்ல வேண்டும். படம் வரையப் பிரியப்படும் குழந்தைகளிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சர்ட்டிபிகேட் தருவோம் என்றார்கள். தரவும் தந்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், பரிசுப் பேச்சே இல்லாமல் வரைந்த குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் இவர்கள் செலவிட்டார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. பேரம்தான் கெடுத்திருக்கிறது, பரிசு அல்ல.

'ஹூப் ட்ரீம்ஸ்' படத்தில் என்னை உலுக்கியது எந்த மேட்சும் இல்லை. ஆர்தரின் அம்மா ஷீலா. வேலை கிடையாது, அரசு உதவிப் பணத்தில் குடும்பம், ஒரு கட்டத்தில் வீட்டில் கரண்ட்டும் கட். அந்த அம்மாள் சத்தமில்லாமல் நர்ஸிங் அசிஸ்டன்ட் பயிற்சியில் சேர்ந்து வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிறாள். அதைக் கேட்டதும் உடைந்து அழுகிறாள். ஸ்கோர்போர்டு இல்லை, சியர் லீடர் இல்லை. பக்கத்தில் பார்த்தால் பையனும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். தூசி என்றான்.

அன்று ராத்திரியே மேலே போய் அவன் அப்பாவிடம் 2.3 கணக்கைச் சொன்னேன். லைப்ரரியைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

'சரி சார், நீங்க சொல்றதுக்காக எழுபத்தஞ்சு ஆக்கிடறேன்' என்றார். 'ஆனா கணக்கை யார் சொல்லித் தர்றது? எனக்கு ஆல்ஜீப்ரா எல்லாம் மறந்துபோச்சே.'

எனக்கும்தான். புத்தகத்தை எடுத்துக்கொண்டு சாயங்காலம் ஐந்தரைக்கு இரண்டு பேரும் என் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு.