வரலாமா? இருக்கலாமா?

இசை பயில விழையும் இளைஞனுக்கு ஆசானைத் தேடிக் கண்டடைவது முதற் சிக்கல். கண்டடைந்த ஆசான் முகங்கொடுத்துப் பேசாதவராக, எந்நாளும் எட்டவே நிற்பவராக அமைந்துவிட்டால், அவரிடமே இருந்து பயில்வதா, விலகி வேறிடம் நாடுவதா என்பது அதனினும் பெரிய சிக்கல். வேடசந்தூரிலிருந்தும் நத்தத்திலிருந்தும் நிலக்கோட்டையிலிருந்தும் பேருந்தேறி மதுரைக்குச் சென்று பாடம் கேட்டுவரும் பிள்ளைகளைக் கேளுங்கள். பயணத்துக்குப் பாதி நாள். காத்திருப்புக்கு ஒரு மணி. பாடத்துக்குக் கால் மணி! அந்தக் கால் மணியிலும் ஆசான் நிமிர்ந்து பார்த்தால் நற்பேறு! வீட்டிலோ, “பெரியவர்கள் அப்படித்தான், பொறுத்துக்கொள்” என்பர். பொறுத்துக்கொள் என்று கூற ஊரே இருக்கிறது. எதற்காகப் பொறுப்பது, எதுவரை பொறுப்பது என்று எண்ணிப் பார்க்கத்தான் ஆளில்லை. அறிவுரைக்குப் பஞ்சமில்லை தோழர்களே, ஆராய்ச்சிக்குத்தான் பஞ்சம்!

இந்தச் சிக்கலையே கருவாகக் கொண்ட தமிழ்த் திரைப்படம் ஒன்று உண்டு. ராஜீவ் மேனன் இயக்கி 2019 பிப்ரவரியில் திரைக்கு வந்த ‘சர்வம் தாளமயம்’தான் அது. ஆண்டுகள் சில கடந்துவிட்டன. பாராட்டும் பழிப்பும் ஓய்ந்துவிட்டன. ஆரவாரம் அடங்கிய பின்னர் எடை போடுவதே திறனாய்வுக்கு ஏற்றது என்பதால், இப்போது அதனை எடுத்துக்கொள்கிறோம்.

கதை இதுதான். மிருதங்கம் செய்யும் ஜான்சனின் மகன் பீட்டர். ஒடுக்கப்பட்ட வகுப்பில் பிறந்த கிறித்தவக் குடும்பம். நடிகர் ஒருவருக்குக் கொடி பிடித்துத் திரிந்த பையன், வேம்பு ஐயர் என்னும் வித்துவானின் வாசிப்பைக் கேட்டு, தன்னை மறந்து, அவரிடம் கற்கத் துடிக்கிறான். தள்ளிவைத்துப் பார்த்த வித்துவான், பிறகு சேர்த்துக்கொள்கிறார். மூத்த சீடன் மணிக்கு அது பொறுக்கவில்லை. தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றால் விளைந்த சிக்கலில் பீட்டர் வெளியேற்றப்படுகிறான். ஊர் ஊராக அலைந்து, பலரிடம் பல தாளம் பயின்று திரும்புகிறான். ஆசான் மீண்டும் ஏற்கிறார். போட்டியில் பீட்டர் வெல்கிறான்.

நல்லதை நல்லதென்று சொல்லிவிடுவோம். இசையரங்கை வானத்திலிருந்து இறங்கி வந்ததாகக் காட்டும் படங்களையே கண்டு சலித்த நாட்டில், மிருதங்கத்துக்குத் தோல் வார்க்கும் கையைப் படம்பிடித்துக் காட்டியது இப்படம். பூர்வீக ஊரில் சாதி ஒதுக்கலைப் பீட்டர் நேரில் காண்பதையும் மறைக்கவில்லை. வேம்பு ஐயராக நடித்த நெடுமுடி வேணு, கண்டிப்பும் கனிவும் ஒருங்கே கொண்ட முதியவரைக் கண்முன் நிறுத்தினார். பீட்டராக வந்த ஜி. வி. பிரகாஷ்குமாரின் உழைப்பும் பொய்யில்லை. இவற்றை மறைத்துப் பேசுவது திறனாய்வாகாது, வசைபாடலாகும்.

ஆனால் நமக்கு ஒரு வழக்கு இருக்கிறது. படத்தில் ‘வரலாமா’ என்று தொடங்கும் பாடல் ஒன்று உண்டு. அருகில் வரலாமா என்று கேட்கும் அந்தக் கேள்வி புதியதன்று. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரத்திலேயே, ‘வருகலாமோ’ என்று நந்தனைக் கேட்கவைத்துவிட்டார்கள். அங்கே ஆண்டவன் எட்டத்தில் நின்றான். இங்கே ஆசான் எட்டத்தில் நிற்கிறார். நின்றவர் மாறினார், கேள்வி மாறவில்லை! கேட்கும் வாய் யாருடையது என்பதும் மாறவில்லை!

வரலாமா என்று கேட்பவன் முடிவை மற்றவர் கையில் ஒப்படைத்துவிடுகிறான். இருக்கலாமா என்று எண்ணுபவனோ முடிவைத் தன் கையில் வைத்திருக்கிறான். படம் முழுவதும் பீட்டர் முதற் கேள்வியைத்தான் கேட்கிறான். சேர்க்கச் சொல்லிக் கெஞ்சுகிறான், நீக்கும்போது கலங்குகிறான், திரும்பச் சேர்த்தால் மகிழ்கிறான். “இவரிடம் நான் இருக்கத்தான் வேண்டுமா?” என்று ஒரு நாழிகையேனும் அவனை எண்ணவிடவில்லை கதை. அவன் ஊர் சுற்றிக் கற்றதுகூட, பழைய வாசலுக்கே திரும்பிவரும் தகுதியாகத்தான் முடிகிறது. பலரிடம் பயின்றவன், அவர்களில் ஒருவரையேனும் தன் ஆசானாகக் கொண்டால் என்ன குறை? அதற்குக் கதையில் விடையில்லை.

எட்டி நின்ற ஆசானுக்குப் புராணத்திலும் சான்று உண்டு. ஏகலைவனுக்குத் துரோணர் கற்பித்த பாடம் எத்தனை? ஒன்றுமில்லை! வாங்கிய காணிக்கை? கட்டைவிரல்! கற்பிக்காதவனுக்குக் காணிக்கை கொடுத்ததைக் குருபக்தி என்று கொண்டாடுகிறது பழமை. கணக்குத் தெரிந்த பிள்ளை அதைக் கொள்ளை என்றுதான் கூறும். அதிலும் மிருதங்கம் பயிலும் பிள்ளைக்கு விரல்தானே முதல்!

அப்படியானால் கண்டிப்பான ஆசானை எல்லாம் விட்டு ஓடிவிடுவதா? அவ்வாறு நாம் கூறவில்லை. எட்டி நிற்பதில் இருவகை உண்டு. ஒன்று இயல்பால் வருவது. சிலர் பேச்சில் சுருக்கம். சிலர் புகழ்வதில் கஞ்சம். சிலர் மாணாக்கன் தானே தடுமாறிக் கற்கட்டும் என்று பார்த்திருப்பர். அவர்களிடம் இருக்கலாம், வருத்தமிருந்தாலும் வரவு இருக்கும். மற்றொன்று பிறப்பால் வகுக்கப்படுவது. அங்கே பாடம் அளந்து ஊற்றப்படும். மேற்பாடம் வேண்டியவர்க்கு மட்டும் விளம்பப்படும். கேள்வி கேட்டால் குற்றமாகும். அங்கே ஆண்டுகள் போகும், அறிவு வராது.

திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது இப்படம் வந்த அதே 2019இல்தான். அந்தப் பூட்டைக் கொண்டே விளக்கலாம். எளிதில் திறவாத பூட்டைக் குறைகூற வேண்டியதில்லை, உறுதிக்காகத்தானே பூட்டு! உழைப்பு என்னும் சாவிக்குத் திறக்குமானால், எத்தனை நாளானாலும் அதன் முன் நிற்கலாம். பிறப்பு என்னும் சாவிக்கு மட்டுமே திறக்குமென்றால், அந்தக் கதவின் முன் நிற்கும் ஒவ்வொரு நாளும் வீண் நாளே!

வேம்பு ஐயர் எந்தப் பூட்டு? நேர்மையாகச் சொன்னால், இரண்டும் கலந்தது. மணியின் முணுமுணுப்பை மீறிப் பீட்டரைச் சேர்த்தபோது உழைப்புக்குத் திறந்தார். பின்னர் மூடியபோது எதற்கு மூடினார் என்று கேட்கும் துணிவு கதைக்கு இல்லை. போட்டியில் வெல்லவைத்துக் கணக்கைத் தீர்த்துவிடுகிறது. வென்றவனுக்கு இடம் உண்டு என்பது என்ன பெருமை? வெல்லாத பிள்ளைக்கும், நடுத்தரத் திறமையுள்ள பிள்ளைக்கும் பாடம் கேட்க உரிமை உண்டா என்பதல்லவா கேள்வி? மேற்குலத்துப் பிள்ளை சுமாராக வாசித்தாலும் சீடன். பீட்டர் மட்டும் மாமேதையாக இருந்தாக வேண்டுமா?

இன்னொரு குறையும் கூறுவோம். எட்டி நின்ற ஆசானைத் தேடிய பீட்டரின் வீட்டிலேயே அருகில் ஓர் ஆசான் இருந்தார். அவர் ஜான்சன்! மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றையும் பதம்பார்த்து, வார்பிடித்து, சோறு வைத்து, சுருதி கூட்டித் தருபவனுக்கு நாதம் தெரியாதா? அவன் செவி ஒப்பாத மிருதங்கம் மேடை ஏறுமா? தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லில் இருப்போர்க்கு இது விளங்கும். தோலைத் தொட்ட கை தீட்டு. அதே தோலைத் தட்டிய கை தெய்வீகம்! இந்த வேடிக்கைக் கணக்கை எழுதியவர் யார்?

மிருதங்கம் செய்வோரின் வாழ்வை டி. எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் நூலாக எழுதினார். சென்னையில் கலாசேத்திரா அரங்கில் அதனை வெளியிட இசைவு தந்து, வெளியீட்டுக்குச் சில நாட்களுக்கு முன் அந்த இசைவைத் திரும்பப் பெற்றுவிட்டது அந்நிறுவனம். 2020 பிப்ரவரி 2ஆம் நாள் ஆசிய இதழியல் கல்லூரியில்தான் வெளியீடு நடந்தது. மிருதங்கம் அரங்குக்குள் செல்லலாம். அதைச் செய்தவனைப் பற்றிய புத்தகம் செல்லக்கூடாது! படம் காட்டத் தயங்கிய உண்மையை நடப்பு காட்டிவிட்டது.

இனி, தூரத்தைக் குறைப்பது யார் பொறுப்பு என்று பார்ப்போம். நம் மாவட்டத்துப் பழனியிலிருந்து புறப்பட்டவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908-1962). 1985இல் திண்டுக்கல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை, அவ்வூர் மதுரை மாவட்டத்தில் இருந்தது. அவர் இடக்கை வாசிப்பாளர். இடக்கையால் வாசித்தால், மேடையில் வயலினும் மிருதங்கமும் வழக்கமாக அமரும் இடம் மாற வேண்டும். இருக்கை மாறுவதா, என்ன அநியாயம் என்று சலித்தவர்கள் இருந்தார்கள். வலக்கைக்கு மாற்றிக்கொள் என்பது எளிய அறிவுரை! ஆனால் செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்கு ஆதரவாக நின்றார். இருக்கை மாறியது, இசை கெடவில்லை. மேடை இடிந்து விழவும் இல்லை! சிறியவர் மட்டுமே வளைய வேண்டும் என்பதில்லை. பெரியவர் ஓரடி நகர்ந்தால் போதும், ஒரு கலைஞன் நாட்டுக்குக் கிடைப்பான்.

நகரவே மறுத்தால்? அதற்கும் திண்டுக்கல் விடை வைத்திருக்கிறது. 1990இல் சந்திரா என்னும் அருட்சகோதரி இந்நகரில் தொடங்கிய ‘சக்தி’ நாட்டுப்புறக் கலை மையத்தில், ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பெண்கள் பறை கற்றார்கள். சாவுக்கு அடிக்கும் கருவி என்று ஒதுக்கப்பட்டது பறை. ஆண்களே அடிப்பது என்று வழங்கியதும் அதுவே. இரண்டு வேலிகளையும் ஒரே அடியில் தகர்த்தார்கள் அந்தப் பெண்கள்! அடவு மட்டும் கற்பிக்கவில்லை அங்கே. தாம் ஏன் ஒதுக்கப்பட்டோம் என்று சமுதாயத்தை ஆராயவும் கற்பித்தார்கள். அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் அவர்களைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார். துறவும் மதமும் குறித்து நமக்குள்ள கருத்து வேறு; அதற்காகக் கண்முன் நிற்கும் பணியைக் காணாததுபோல் இருக்கமாட்டோம். அந்தப் பெண்கள் யாரிடமும் வரலாமா என்று கேட்டு வாசலில் நிற்கவில்லை. தமக்கென ஒரு கூடத்தில் அமர்ந்து, அருகிருந்து கற்றார்கள்.

அருகிருப்பது எல்லாமே நன்று என்றும் மயங்கிவிடக்கூடாது. 2023 மார்ச்சில், கலாசேத்திராவின் ருக்மிணி தேவி நுண்கலைக் கல்லூரி மாணவியர், பாலியல் தொல்லைக்கு நீதி வேண்டிப் போராட்டத்தில் இறங்கினர். ஏப்ரலில் ஆசிரியர் ஒருவர் கைதானார். எட்டி நின்று ஒதுக்குவது ஒரு கொடுமை. நெருங்கி வந்து வதைப்பது அதனினும் பெருங்கொடுமை. இரண்டுக்கும் திரையாகத் தொங்குவது ஒன்றே. குருவைக் கேள்வி கேட்காதே என்னும் அந்தப் பழைய திரைதான்! அம்மாணவியர் பொறுத்துக்கொண்டு இருக்கவும் இல்லை, அஞ்சி விலகவும் இல்லை. இருந்துகொண்டே கேட்டார்கள். இருப்பதா, போவதா என்ற இரண்டுக்கு நடுவே, மூன்றாம் வழி ஒன்று உண்டென்று காட்டினார்கள்.

ஆகவே நம் தீர்ப்பு இது. ‘சர்வம் தாளமயம்’ பார்க்கத்தக்க படம்; ஆனால் பின்பற்றத்தக்க பாடமாகாது. தாளம் எங்கும் உண்டு என்று தலைப்பில் கூறிவிட்டு, ஆசான் மட்டும் ஓரிடத்தில்தான் உண்டு என்று முடித்ததே அதன் முரண்.

இசை பயிலும் தம்பிக்கும் தங்கைக்கும் மூன்று கேள்விகளைத் தருகிறோம். சென்ற ஆண்டு தெரியாதது இந்த ஆண்டு கைவந்திருக்கிறதா? புரியாததைக் கேட்டால், சுருக்கமாகவேனும் விடை வருகிறதா? உனக்குத் தரும் பாடமும், உயர்குலத்தில் பிறந்த உன் தோழனுக்குத் தரும் பாடமும் ஒன்றுதானா? மூன்றுக்கும் ஆம் என்றால், ஆசான் சிரிக்காவிட்டாலும் இரு. சிரிப்பு வாங்கவா பேருந்து ஏறினாய்? மூன்றாவதற்கு இல்லை என்றால், முதலில் கேள். கேட்டும் மாறாவிட்டால், உறையை மாட்டு, மிருதங்கத்தைத் தோளில் தூக்கு, அடுத்த பேருந்தைப் பார்! விலகியவன் துரோகி என்பர். தூற்றட்டும்! கற்பிக்காதவர்க்குப் பட்ட கடன் ஏது, தீர்ப்பதற்கு?

விரல் உன்னுடையது. அதை யாரிடம் ஒப்படைப்பது என்னும் முடிவும் உன்னுடையதே!