ஆலைப் பேருந்தில் ஏறாத புதினம்

தமிழ்ப் புதினம் உழைப்பாளரை மறந்தது என்று பழி கூறுதல் தகாது. தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953-இலேயே நெசவாளர் வறுமையைப் பேசிற்று. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைக் காட்டியது. டி. செல்வராஜின் 'தோல்' திண்டுக்கல் தோல் ஷாப்புகளைப் பற்றியது. 2012-இல் சாகித்திய அக்காதெமி விருதும் பெற்றது. ஆயினும் உத்திரமேரூர்ப் பகுதியில் வாழும் நமக்கு ஒரு குறை உண்டு. விடியுமுன் கூட்டுரோட்டில் ஆலைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் கார்த் தொழிலாளி, நாம் படித்த புதினங்களில் நினைவில் நிற்கும் பாத்திரமாக வந்து சேரவில்லை.

உப்பளம் வெட்டவெளி, கார் ஆலைக்கோ காவலும் கதவும் உண்டு என்று காரணம் கூறுவர். நமக்கு இது நிறைவளிக்கவில்லை. இவனுடைய கதை வீட்டில் அல்லவா நடக்கிறது! வீட்டுக்குக் காவலாளி இல்லையே.

மெய்யான காரணம் வேறு. நம் எழுத்தாளர் தொழிலாளியைப் பசியைக் கொண்டே அடையாளம் காணப் பழகிவிட்டனர். இவனுக்கோ காரை வீடும், மோட்டார் சைக்கிளும், பொறியியல் படிக்கும் மகளும் உண்டு. ஆகவே இவனிடம் துயரில்லை என்று கருதிக் கடந்துவிடுகின்றனர். இரவு ஷிப்டு வாரத்தில் தந்தை பகலில் உறங்க, பிள்ளைகள் கிசுகிசுத்துப் பேசுகின்றனர். குக்கர் விசிலுக்கும் தாய் அஞ்சுகிறாள். திருமணமோ துக்கமோ, உறவினர் வீட்டுக்கு அவள் தனியே போய்வருகிறாள். தந்தை உழுத நிலம் குத்தகைக்குப் போய்விட்டது. இருபது ஆண்டு வேலையை நம்பி வீட்டுக் கடன் வாங்கப்பட்டது. பசியில்லாத இந்த வீட்டை எழுதுவதற்குக் கூர்மையான கண் வேண்டும்.

மறைமலை நகர் ஆலையில் 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளிவந்தது. ஏறத்தாழ 2,600 தொழிலாளரின் போராட்டத்தையும் இழப்பீட்டையும் நாளேடுகள் எழுதின; அது அவற்றின் கடமை. ஆனால் வேலைநாளில், காலை பத்து மணிக்கு, நாற்பத்தைந்து வயது மனிதர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் காட்சியைப் புதினந்தான் எழுதவேண்டும். ஒரே வரிசையில் ஒரே பாகத்தைப் பொருத்திய கை அது. அதை வேறெங்கு விலைபேச?

நம் ஊர்க் குடவோலைக் கல்வெட்டு, இறை செலுத்தும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவர் பெயரையே குடத்தில் இட அனுமதிக்கிறது. வயதும் முப்பத்தைந்து ஆகியிருக்கவேண்டும். ஆலைகளோ அந்த வயதினரைப் புதிதாய்ச் சேர்க்கத் தயங்குகின்றன!

ஏற்றுமதிக்காக அதே ஆலையை மீண்டும் பயன்படுத்த விரும்புவதாக ஃபோர்டு 2024 செப்டம்பரில் தமிழக அரசுக்குக் கடிதம் அளித்தது. அச்செய்தி வந்த நாளேட்டை அவ்வீட்டில் முதலில் விரித்தவர் யார்? மற்றவருக்கு அதை உரக்கப் படித்துக் காட்டினாரா, மடித்து வைத்துவிட்டாரா?